ரிப்பேருக்கு ஆள் தேடி 11 வருடம்: கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிராமத்து அனுபவம்

எங்கள் ஊரிலிருந்து கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு காரில் 20 நிமிடம். வீட்டில் குழாய் உடைந்தால் அது எவ்வளவு பெரிய தூரம் என்பது, குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. நகரத்து பிளம்பர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வேலை குவிந்து கிடக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அடுத்த வாரம் கூப்பிடுகிறேன்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள்.

நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்வதுதான் பாரிஷ். இங்கிலாந்துக் கிராமங்களில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பாரிஷ் கவுன்சில், ஏறக்குறைய நம் ஊராட்சி மாதிரி. எங்கள் பாரிஷில் ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு ஊர்க்கூடம். கேஸ் குழாய் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தொட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பி வைத்துத்தான், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடுகிறது.

இந்த மண்ணெண்ணெய் பாய்லர்தான் எனக்கு முதல் பாடம். ஒரு ஜனவரியில் அது நின்றுபோக, செயலி ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த ஒருவரை வரவழைத்தேன். வந்து பார்த்துவிட்டு, "நான் கேஸ் பாய்லர் மட்டும்தான் தொடுவேன்" என்று கிளம்பிவிட்டார். வந்துபோன கூலியை மட்டும் கொடுத்தேன். எண்ணெய் பாய்லருக்கு ஆஃப்டெக் பதிவு, அதாவது எண்ணெய் பாய்லர் வேலைக்காரர்களுக்கான பதிவு, உள்ளவரைக் கேட்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரியும். சமையலுக்கு சிலிண்டர் வைத்திருப்பவர்கள், வேலைக்கு வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலைக்கான பதிவு அட்டையை, காட்டச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். மின்வேலையில் புது சர்க்யூட் போட்டால் சான்றிதழ் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

பாரிஷ் இதழின் கடைசிப் பக்கங்களில் வரும் சின்ன விளம்பரங்கள் எனக்கு நன்றாகவே கைகொடுத்தன. புகைபோக்கி சுத்தம் செய்பவர், செப்டிக் டேங்க் எடுப்பவர், வேலி போடுபவர், எல்லாரும் அதில் கிடைத்தவர்கள்தான். ஆனால் விளம்பரத்தைப் பார்த்ததும் போன் செய்யாமல், முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பேன். கேள்வியும் இப்போது மாறிவிட்டது. "நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்றால் எல்லாருமே யாரையாவது சொல்வார்கள். "இதே வேலையை உங்கள் வீட்டில் செய்தது யார்? இரண்டு குளிர்காலம் தாங்கியதா?" என்று கேட்டால்தான் உருப்படியான பெயர் வரும்.

இப்படிக் கேட்காமல் நான் பட்டது சுவர் விஷயத்தில். எங்கள் வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். பாயிண்டிங், அதாவது செங்கல் இடுக்குகளில் பூசும் சாந்து, உதிர்ந்திருந்தது. குறைந்த விலை சொன்ன ஒருவர் இரண்டே நாளில் சிமென்ட் வைத்து முடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. செங்கல்லுக்குள் தங்கிய நீர் உறைந்து, மூன்றாவது குளிர்காலத்தில் செங்கல் முகமே செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். காரைவீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கே அது தோன்றாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை நாலு கிராமம் தள்ளிக் கண்டுபிடித்தேன். வயது அறுபதுக்கு மேல். எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைக்கவே மாட்டாராம். காத்திருந்தேன். வந்தவர் பழைய சிமென்டைச் சிற்றுளியால் பொறுமையாகக் கொத்தியெடுத்தார். மெஷின் வைத்தால் செங்கல் ஓரம் உடையும் என்றார். அவர் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரிப் பதிவுக்கான வரம்பை எட்டாத சிறு தொழிலாளி என்பதால் பில்லில் அந்த 20 சதவீதமும் இல்லை.

ஒன்று கவனித்தேன். இங்கே நாம் மட்டும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்களும் நம்மைப் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் பணம் இழுத்தடிப்பார்கள், எந்த வீட்டில் மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு ஒருவருக்கும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குள் தெரிந்திருக்கிறது. நான் வேலை முடிந்த அன்றே பணம் போட்டுவிடுவேன். வேறொருவருக்குக் கொடுத்தாலும் "இந்த முறை இல்லை" என்று சொல்லிவிடுவேன். போன டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை இரவு குழாய் வெடித்தபோது, பிளம்பர் அரை மணி நேரத்தில் வந்து நின்றார்.

நகரத்து ஆட்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சமையலறை மாற்றுவது போன்ற பெரிய வேலைக்கு அங்கிருந்துதான் ஆள் எடுத்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய சுவர், எண்ணெய் பாய்லர், செப்டிக் டேங்க், இந்த மூன்றுக்கும் மட்டும் ஊர்ப்பக்கத்து ஆள்தான்.

வீட்டின் வடக்குச் சுவர் இன்னும் பாக்கி. ஏப்ரல் கடைசியில், பனி நின்ற பிறகு வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பேரனையும் உதவிக்குக் கூட்டி வருகிறாராம்.