ஊசிக்குப் பதில் பேட்ச்: நெடுநாள் ஒட்டிப் பார்த்ததில்

தீராத முதுகுவலிக்கு ஊசி போட்டுப் போட்டு அலுத்த பிறகு, டாக்டர் புப்ரெனார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணியைத் தோல் வழியே செலுத்தும் பேட்ச் எழுதிக் கொடுத்தார். ஒன்றை ஒட்டினால் 7 நாள். வருடக்கணக்கில் இதில்தான் ஓடுகிறது. ஒட்டும்போது சுருக்கென்ற குத்தல்கூடக் கிடையாது. ஆனால் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. ஊசி போட்டதும் வலி அடங்கும், சில மணி நேரத்தில் மறுபடி தலைதூக்கும், அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக் கிடப்போம். பேட்சில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை.

நிதானமாக வேலை செய்வதால் அவசரத்துக்கு உதவாது. முதல் பேட்ச் முழுப் பலனுக்கு வர 3 நாள் ஆகும். கழற்றினாலும் உடனே நிற்காது. ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே சுமார் 12 மணி நேரம். தலைசுற்றினால் பிய்த்துப் போட்டுத் தப்பித்துவிட முடியாது.

படுத்துவது தோல்தான். மேல்கை, மேல்மார்பு, மேல்முதுகு, விலாப்பக்கம் என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய இடத்துக்கு 3 வாரமாவது ஓய்வு. வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்த தோலில்தான் ஒட்ட வேண்டும். சோப்பு, எண்ணெய், கிரீம் எதுவும் ஆகாது. கழற்றினால் பேட்சின் அச்சு அப்படியே சிவந்து தெரியும், அரிக்கும். வியர்த்தால் ஓரம் சுருளும். டேப் போட்டு ஒட்டிக்கொள்வேன்.

முதுகுவலிக்காரர்கள் முதலில் தேடுவது வெந்நீர்ப் பையை. பேட்ச் மேல் அதை வைக்கவே கூடாது. சூட்டில் மருந்து கூடுதலாக இறங்கி மூச்சையே மந்தமாக்கலாம். கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

"இன்சுலினுக்கும் இப்படி ஒன்று வராதா?" என்று சர்க்கரைக்காரர்கள் என்னிடம் கேட்காத நாளில்லை. தோலின் மேலடுக்கு ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) குறைவான மூலக்கூறுகளைத்தான் எளிதில் உள்ளே விடும். புப்ரெனார்ஃபின் 468, நுழைந்துவிடுகிறது. இன்சுலினோ 5,800. அதற்கு மேலடுக்கைத் துளைக்கும் நுண்ணூசிப் பட்டை வேண்டும். ஊசிகள் மில்லிமீட்டர்கூட இருக்காது, நரம்பைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்தை மணிக்கட்டில் 5 நிமிடம் ஒட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வந்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் தடுப்பு மருந்து துளியளவு, எப்போதோ ஒரு முறை. இன்சுலின் தினமும் வேண்டும், சாப்பாட்டுக்குத் தக்கபடி அளவும் மாறும். அதனால் சர்க்கரைக்காரர்கள் இப்போதைக்கு இன்சுலின் ஊசிப் பேனாவை விட முடியாது.