காட்டில் சிக்கியவர்கள் தொடர்: கித்துல்கலவா, இறப்பர் தோட்டமா, ஸ்டூடியோவா?

விபத்தில் தப்பியவர்கள் காட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் சாகசத் தொடர் ஒன்றைக் கொழும்பில் இருந்துகொண்டு எடுப்பதென்றால், காட்டை எங்கே பிடிப்பது என்பதில்தான் பாதிச் செலவு தீர்மானமாகிறது. லொகேஷன் பார்க்கப் போவதற்கு முன் திரைக்கதையைப் பிரித்துப் பாருங்கள். ஆறும் பாறையும் வரும் பக்கங்கள் கொஞ்சம். நெருப்பு மூட்டுவது, சாப்பாட்டுக்குச் சண்டை பிடிப்பது, காயக்காரரைப் பார்த்துக்கொள்வது என்று மிச்சமெல்லாம் ஒரே முகாமில் நடக்கும். ஆகவே முகாமுக்கு எந்த இடம் என்று முதலில் முடிவெடுங்கள். ஆற்றைப் பிறகு பார்க்கலாம்.

2004 முதல் 2010 வரை ஓடிய ‘லாஸ்ட்’ தொடரே இதற்கு நல்ல சாட்சி. ஹவாயின் ஓஹூ தீவில் எடுக்கப்பட்ட அந்தத் தொடரின் ஆளில்லாப் பள்ளத்தாக்குக் காட்சிகள் பலவற்றுக்கு இடம் தந்தது, நெடுஞ்சாலையை ஒட்டிய குவலோவா என்னும் தனியார் பண்ணை. லொறி உள்ளே போகும், மின்சாரம் கொண்டுபோகலாம், பின்னேரம் எல்லோரும் வீடு திரும்பலாம்.

நம்மிடம் உள்ள முதல் தெரிவு கித்துல்கல. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். உபகரண லொறிக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். களனி கங்கை, பெரிய பாறைகள், அக்கரையில் மாகந்தாவ வனம். கமெராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல படம் கிடைக்கும். சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் வரும். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் ஆற்று மட்டம் ஒரே நாளில் ஏறும், இறங்கும். காலையில் நடிகர் உட்கார்ந்த பாறை பிற்பகலில் தண்ணீருக்குள் போனால் தொடர்ச்சி உடைந்துவிடும். ஆற்றுக் காட்சியை ஒரே மூச்சில் எடுத்து முடியுங்கள். பாறையில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு ஒருவரைக் காவலுக்கு வையுங்கள். நீர் கோட்டைத் தொட்டால் எல்லோரும் கரையேற வேண்டும்.

அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே உச்சிவெயிலிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வீத வெளிச்சமே தரைக்கு வரும். மூன்றரை மணிக்குப் பிறகு அதுவும் கிடையாது. இலைகளில் பட்டு வரும் பச்சை, முகங்களை நோயாளி முகமாக்கும்; ஒவ்வொரு இடத்திலும் கிரே கார்ட் என்னும் சாம்பல் நிற அட்டையைப் பிடித்து, கமெராவில் வைட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும் நிறச் சமநிலையை, எடுக்காவிட்டால் நிறத் திருத்தத்தில் தலைகீழாக நின்றாலும் சரிவராது. குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கிய லென்ஸ் உடனே பனிக்கும். பெட்டியைத் திறக்காமல் அரை மணித்தியாலமாவது வெளியே வைத்து, சூடு சமமான பிறகே திறக்கவேண்டும். அட்டைக் கடிக்கு நீளமான அட்டைக் காலுறை போதும். வெறுங்காலோடு நடிப்பவர்களுக்குச் சவர்க்காரத்தைக் கணுக்கால் வரை காயப் பூசுங்கள்; ஒவ்வொரு ஷொட்டுக்கும் பின் காலைப் பார்க்க ஒரு உதவியாள் வேண்டும்.

இரண்டாவது தெரிவு ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கத்துப் பழைய இறப்பர் தோட்டம். தூரம் அரைவாசிதான். மறுநடுகைக்குக் காத்திருக்கும் முதிய பகுதியாகப் பாருங்கள். பால் வெட்டும் பகுதி என்றால் காலையில் ஆட்கள் வேலையில் இருப்பார்கள், முற்பகல் முழுக்கப் போய்விடும். தோட்ட நிர்வாகத்தோடு ஒரே எழுத்து ஒப்பந்தம் போதும். பல தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதால் வழிகாட்டவும் கூட்டக் காட்சிக்கும் பேசத் தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள்.

இறப்பர் காட்டை உண்மைக் காடாக நம்பவைப்பது ஒரு கைவேலை. வரிசை தெரிந்தால் எல்லாம் போச்சு. கமெராவை வரிசை வழியே வைக்காமல், குறுக்குக் கோணத்தில் இடுப்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். மரத்தில் தொங்கும் சிரட்டையையும் கம்பியையும் கழற்றுங்கள். பால் வெட்டிய தழும்பு நெஞ்சு உயரம் வரை பளிச்சென்று தெரியும். அதற்கு முன்னால் பன்னத்தையும் வாழைக் கன்றையும் வேரோடு நடுங்கள், மேலே கொடியைச் சுற்றிவிடுங்கள். முப்பது அடி ஆழத்துக்கு இப்படிச் செய்தால் முகாமுக்குப் போதும், அதற்குப் பின்னால் மெல்லிய புகை விட்டால் வரிசை கரைந்துவிடும். காய்ந்த இலைக்குள் கூம்புமூக்கு விரியன் படுத்திருக்கும். இங்கே பாவனையில் உள்ள விஷமுறிவு மருந்து அந்தப் பாம்புக்கு வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் நிலத்தை நீண்ட தடியால் கிளறிய பிறகே நடிகர்களை விடுங்கள், மற்றவர்கள் கட்டாயம் பூட்ஸ் போடட்டும்.

இறப்பரின் பெரிய குறை காலம். தை, மாசியில் மழை குறைந்து படப்பிடிப்புக்கு நல்ல வானம் இருக்கும்போதுதான் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்.

கொழும்பு ஸ்டூடியோவில் காடு போடுவது மூன்றாவது வழி. இரவுக் காட்சி, குகை, கூடாரத்துக்குள் மழை: இவற்றுக்கு மட்டும் சரி. வெட்டிய இலை விளக்குச் சூட்டில் அரை நாளில் வாடும், பன்னம் முதலில் சுருளும்; சாடியில் வளர்ந்த செடியை வாடகைக்கு எடுங்கள். பலகை மேடையில் நடந்தால் பெட்டிச் சத்தம் கேட்கும், நாலு அங்குலத்துக்குத் தும்புத்தூள் பரப்பினால் அடங்கும். இலையோடு முசுறு வரும், முதல் நாளே உதறுங்கள். முழு இடத்தையும் காட்டும் அகல ஷொட்டை மட்டும் அங்கே கேட்காதீர்கள்.

நம்முடைய தெரிவு: முகாம் இறப்பர் தோட்டத்தில், ஆறு கித்துல்கலவில், இரவு ஸ்டூடியோவில். அவிசாவளை கித்துல்கலப் பாதையிலேயே இருப்பதால் ஒரே தங்குமிடம் இரண்டுக்கும் உதவும். மாசியில் ஆற்றை முடித்து, புதுத் தளிர் முற்றிய பிறகு, பங்குனிக் கடைசியில் முகாமுக்கு வாருங்கள். அப்போது பிற்பகல் இடிமழை தொடங்கியிருக்கும்; அதிகாலையில் ஆரம்பித்து இரண்டு மணிக்குள் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். வனப்பகுதிக்குள் ஒரு காட்சி இருந்தாலும் பத்தரமுல்லையில் உள்ள வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு முக்கிய நடிகருக்கும் ஒரே சட்டை நாலு: புதியது, அழுக்கானது, கிழிந்தது, கந்தலானது. கித்துல்கல ஆற்றங்கரை மண்ணில் இரண்டு சாக்கு கட்டித் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தோட்டத்து மண் காய்ந்தால் வேறு நிறம் காட்டும். ஆற்றில் விழுந்தவர் முகாமுக்கு வந்ததும் அவர் காலில் இருப்பது அதே சேறாக இருக்க வேண்டும்.