பைசாந்திய வரலாறு பயில முதலில் எந்த மொழி: கிரேக்கமா, சிரியாக்கா?

பிந்தைய ரோமானியக் காலத்தையும், கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தையும் மூல நூல்கள் வழியாகவே படிக்க விரும்புவோர் பலர், கிரேக்கமா, அரமேய மொழியின் ஒரு வடிவமான சிரியாக்கா, முதலில் எந்த மொழியைக் கற்பது என்று தயங்குகிறார்கள்.

எழுத்து: கிரேக்கத்தில் 24 எழுத்துகள், உயிரொலிகள் தெளிவாக எழுதப்படும். சிரியாக்கில் 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக. பழைய சுவடிகளில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இரா.

இலக்கணம்: கிரேக்க வினைத்திரிபு நெடுநாள் உழைப்பைக் கேட்கும். மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர்களிலிருந்து சொற்களை ஆக்கும் சிரியாக்கின் மூவெழுத்து வேர்முறை பிடிபட்டால் வேகம் கூடும். அரபியோ எபிரேயமோ அறிந்தவருக்கு இன்னும் எளிது.

கருவிகள்: அகராதிகளும் பதிப்புகளும் கிரேக்கத்துக்கே மிகுதி.

மூலங்கள்: ஜஸ்டினியன் (527–565) காலப் போர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியவையும், அப்பேரரசர் பிற்பாடு இயற்றிய சட்டங்களில் பெரும்பாலானவையும் கிரேக்கத்தில் உள்ளன. ஆயினும் அம்மொழி மட்டும் அறிந்தவர் தலைநகரின் பார்வையிலேயே நின்றுவிட நேரும் என்பது என் கவலை. கிறிஸ்துவுக்கு இறைத்தன்மை, மனிதத்தன்மை என இரு இயல்புகள் உண்டு என்று 451-இல் கூடிய கல்கெதோன் திருச்சபைச் சங்கம் எடுத்த முடிவை ஏற்க மறுத்த அந்தியோக்கியாவின் திருச்சபைத் தலைவர் செவேரஸ் கிரேக்கத்தில்தான் எழுதினார். 536-இல் அவருடைய நூல்களை எரிக்குமாறு ஜஸ்டினியன் ஆணையிட்டபின், அவற்றில் பெரும்பகுதி சிரியாக் மொழிபெயர்ப்பிலேயே எஞ்சியது. 540-களின் கொள்ளைநோயைப் புரோகோப்பியஸ் கிரேக்கத்திலும், திருச்சபை வரலாற்றாசிரியர் எபேசுவின் யோவான் சிரியாக்கிலும் பதிந்திருப்பதால், ஒரே துயரத்தை இரு பார்வைகளில் காண முடிகிறது.

ஆட்சி, சட்டம், போர் ஆகியவற்றில் நாட்டமுள்ளவர் கிரேக்கத்தில் தொடங்கலாம். கீழைத் திருச்சபைகள், சிரியாக் கவிஞர் எப்ரேமின் பாடல்கள், கேரளத்தில் இன்றும் வாழும் சுரியானி (சிரியாக்) வழிபாட்டு மரபு ஆகியவற்றை நாடுவோர் தயங்காமல் சிரியாக்கையே முதலில் கற்கலாம்.