மதுரைக்குக் கடல் வராது

கி.பி. 2500-இல் மதுரை எப்படி இருக்கும் என்று ஒரு கண்காட்சியில் நான்கு அறைகளில் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஓவியம்: மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் கடல் அலை அடிக்கிறது, மாசி வீதியில் படகு போகிறது. வண்ணம் பிரமாதம், கணக்குத் தப்பு. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில். அண்டார்டிகா, கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினாலும் கடல் ஏறுவது ஏறக்குறைய 65 மீட்டர். அதற்கு 500 வருஷமும் பத்தாது. சென்னைக்கு வரைந்த படத்தில் கோபுரத்தை மட்டும் மாற்றினார்களோ என்னவோ.

இரண்டாவது வெக்கை அறை. ஹீட்டர் வைத்து 42 டிகிரி. வறண்ட சூடு, வேர்வை உடனே காய்ந்துவிடுகிறது. பத்து நிமிஷம் சாதாரணமாக நிற்கலாம். ஆளைச் சாய்ப்பது வேர்வை காயவிடாத புழுக்கம். ஹீட்டரைக் குறைத்து நாலு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டிருந்தால் புரிந்திருக்கும்.

மூன்றாவது அறைக்காகவே போகலாம். களிமண்ணில் மூன்று கண்மாய்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, கரை ஒரு சாண் உயரம். மேலே குடத்துத் தண்ணீரை ஊற்றினால் முதல் கண்மாய் நிறைந்து, கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் திறப்பு, வழியாக வாய்க்காலில் விழுந்து அடுத்ததற்குப் போகிறது. பக்கத்துத் தட்டில் மரக்கட்டை வீடுகள்; நாமே எடுத்து வாய்க்காலுக்குள் வைக்கலாம். நாலு வீடு வைத்ததும் தண்ணீர் முட்டித் திரும்பித் தெருவுக்குள் பாய்கிறது. 2024 அக்டோபர் மழை வெள்ளத்தில் மதுரை செல்லூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கப் பலகை வேண்டாம்.

ஒரு பிழை. கலுங்கையும் கரையையும் ஒரே மட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். கலுங்கு தாழ்ந்திருந்தால்தான் மிச்சத் தண்ணீர் அதன்வழியே கழியும். இல்லையென்றால் கரையில் இளைத்த இடமாகப் பார்த்து உடைப்பெடுக்கும். இங்கேயும் அப்படித்தான் உடைகிறது. உள்சரிவில், அலை கரையை அரிக்காமல் காக்கும் அலைகல்லும் பதிக்கவில்லை, சுடாத களிமண் கரைந்து இறங்கி வாய்க்கால் தூர்ந்துபோகிறது. கலுங்கை இரண்டு விரற்கடை செதுக்கி, உள்பக்கம் கூழாங்கல் ஒட்டினால் போதும்.

கடைசி அறையில், வறண்ட வைகையில் லாரித் தண்ணீரை நிரப்பி அழகரை இறக்குகிறார்கள். இப்போதே வைகை அணையைத் திறந்துவிட்டுத்தானே சித்திரைத் திருவிழா நடக்கிறது? இதற்கு 2500 எதற்கு?

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கண்மாய்க் கரை ஊறிச் சரிந்துவிடுகிறது. மண்ணைப் பிசைந்து திரும்பக் கட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.