வெரிகோஸ் புண்ணுக்கு ஜீன் டெஸ்ட் பேக்கேஜ்: 2/5

அம்மாவுக்கு கணுக்கால் உள்பக்கம் வெரிகோஸ் புண்ணு, சுத்தி தோலு காப்பித்தூள் கலர்ல கருத்துக் கெடக்கு. ரத்தக்குழாய்ல இருந்து கசிஞ்ச ரத்தத்தோட இரும்பு தங்கித்தான் அந்தக் கலராம். பாட்டிக்கும் இருந்துச்சுன்னு சொன்னதுதான் தாமதம், லேப்காரங்க ஜீன் பேக்கேஜ தலையில கட்டிட்டாங்க.

சாம்பிள் எடுக்க வீட்டுக்கே வந்த பொண்ணு ஊசி குத்துனதே அம்மாவுக்குத் தெரியல, ரெண்டு ஸ்டாரும் அதுக்குத்தான். ரிப்போர்ட்ல பெருசா போட்டிருந்தது ஹெச்எஃப்இ ஜீன்ல சி282ஒய், உடம்புல இரும்பு சேர வைக்கிற மாத்தம், இது இருந்தா புண்ணு வர்ற ரிஸ்க் கூடும்னு இத்தாலி ஃபெராரா டாக்டருங்க 2005ல எழுதுனாங்க, ஆனா அது ஐரோப்பாக்காரங்ககிட்டதான் சகஜம், நம்மாளுங்ககிட்ட ரொம்ப அபூர்வம், நெகட்டிவ்னு சொல்றதுக்கு எதுக்குப்பா இவ்ளோ காசு? ஃபேக்டர் 13 ஜீன் பாத்தது பரவால்ல, ரத்த உறைவ இறுக்கிப் பிடிச்சு புண்ணு ஆற உதவுற புரதம் அது.

எது வந்தாலும் வைத்தியம் என்னவோ அதேதான்: கணுக்கால்ல 40 எம்எம் மெர்க்குரி (பிபி அளக்குற அதே அளவு) அழுத்தத்துல கட்டு, கால ஒசத்தி வெக்கிறது, தேவைப்பட்டா கெட்டுப்போன ரத்தக்குழாய அடைக்க லேசர். கட்டு போடுறதுக்கு முன்னாடி காலுக்கு ரத்தம் சரியா போகுதான்னு டாப்ளர் டெஸ்ட் மட்டும் பாத்துருங்க.