ஹரம்ஃப், அஹெம்: எந்தக் கனைப்பு எங்கே?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனாலும் எழுதும்போது ஹரம்ஃப் (harrumph), அஹெம் (ahem) என்ற இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் இடம் மாறிவிடும். தமிழில் இரண்டுக்கும் ‘தொண்டையைக் கனைத்தார்’ என்றே சொல்லிவிடலாம், அதுதான் காரணம்.

அஹெம் பிறர் கவனத்தை இழுக்க. கோயில் கூட்டத்தில் பேசத் தொடங்கும் முன் செயலாளர் எழுப்பும் சின்னக் கனைப்பு. அதில் கோபமில்லை.

ஹரம்ஃப் அப்படியல்ல, அதில் சிடுசிடுப்பு உண்டு. காவடியை ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்கலாம் என்கிறார் ஓர் இளைஞர். முன்வரிசைத் தாத்தா வாயைத் திறக்காமல், மூக்கு வழியே காற்றைத் தள்ளிச் செருமுகிறார். ஒரு சொல்கூட இல்லை, மறுப்பு வந்துவிட்டது! உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ரம்ஃப்’ மேல் விழ வேண்டும்.

ஹரம்ஃப் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். இறந்தகாலம் ‘ஹரம்ஃப்ட்’. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்!’ என்ற பேச்சுக்குப் பின்னால், ‘என்றார்’ இருக்கும் இடத்தில் அதைப் போடலாம். கனைப்பே இல்லாமல் வெறும் முணுமுணுப்பாக இருந்தாலும் பொருந்தும். அஹெம் பெரும்பாலும் தனித்து நிற்கும் ஒலிச்சொல்.

சளிக்காகச் செருமுகிறவருக்கு ஹரம்ஃப் போடாதீர்கள். படிப்பவர் அவரைக் கோபக்காரராக்கிவிடுவார்.