ஃபினோலெக்ஸும் ஆஸ்ட்ரலும்: பைப் கம்பெனி யார் கையில் இருக்கிறது?

பிவிசி பைப் தொழிலைப் புரிந்துகொள்ள, புனேயின் ஃபினோலெக்ஸ் இண்டஸ்ட்ரீஸையும் அகமதாபாத்தின் ஆஸ்ட்ரலையும் சேர்த்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முன்னது 1981-ல் தொடங்கியது, பின்னது 1996-ல். பிந்தி வந்த ஆஸ்ட்ரல் சந்தை மதிப்பில் மூத்ததைத் தாண்டிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. சரக்கில் உள்ள வித்தியாசம் ஒரு காரணம். கம்பெனி யார் கையில், எந்த வடிவில் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். அதைத்தான் நம்மில் பலரும் பார்க்கத் தவறுகிறோம்.

பலத்தை மட்டும் கணக்கிட்டால் ஃபினோலெக்ஸ்தான் முன்னால் நிற்க வேண்டும். பைப் செய்யும் செலவில் பெரும்பங்கு ரெசின் என்ற பிவிசி மூலப்பொருளுக்கே போகிறது. நம் நாடு தன் ரெசின் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. சீனச் சரக்கின் விலை சரிந்தால் இங்கே குடோனில் கிடக்கும் பைப்பின் மதிப்பும் சரியும். இன்னும் இறங்கட்டும் என்று டீலர்களும் வாங்காமல் காத்திருப்பார்கள். இந்தச் சிக்கலுக்கு ஃபினோலெக்ஸ் 1994-லேயே ஒரு வழி கண்டது. ரத்னகிரி கடற்கரையில் சொந்த ரெசின் ஆலை, அதற்கு வேண்டிய மூலப்பொருளைக் கப்பலிலிருந்து இறக்கச் சொந்த ஜெட்டி. ஆலையின் திறன் ஆண்டுக்கு 2.72 லட்சம் டன். டீலருக்குக் கடன் கொடுப்பதில்லை, பணம் வந்த பிறகுதான் சரக்கு. விவசாயிகளிடம் அழுத்தமான பெயரும் உண்டு. ஒரு குறை, ரெசின் விலை படுத்தால் ஆலையின் லாபமும் சேர்ந்தே படுக்கும்.

சரி, உரிமைக்கு வருவோம். கராச்சியிலிருந்து புனேவுக்கு வந்த பிரகலாத் சாப்ரியாவும் அவர் தம்பி கிஷனும் கட்டிய குழுமம் இது. ஆர்பிட் எலக்ட்ரிகல்ஸ் என்ற குடும்பக் கம்பெனியிடம் ஃபினோலெக்ஸ் கேபிள்ஸின் சுமார் 30% பங்கு இருக்கிறது. கேபிள்ஸிடம் பைப் கம்பெனியின் சுமார் 32%. அதாவது ஆர்பிட்டைப் பிடித்தவர் கேபிள்ஸ், பைப் இரண்டிலும் பேசலாம். 2016-ல் பிரகலாத் இறப்பதற்குச் சற்று முன், தன் ஆர்பிட் பங்குகளில் பெரும்பகுதியை மகன் பிரகாஷுக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்தார். கிஷனின் மகன் தீபக் தரப்பு அதை ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று ஏறிக்கொண்டே போனது. 2023-ல் கேபிள்ஸின் ஆண்டுக் கூட்ட வாக்கெடுப்பு தொடர்பாக, தன் உத்தரவை மீறியதாக கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இரண்டு உறுப்பினர்களுக்கே உச்ச நீதிமன்றம் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது.

ஆலை ஒரு நாளும் இதனால் நின்றதாகச் சொல்ல முடியாது. ஆனால் யார் முடிவெடுப்பது என்ற கேள்வி மேலே தொங்கும்போது துணிந்து பெரிய அடி எடுத்து வைப்பது கடினம். சாதாரணப் பங்குதாரருக்கு இது நியாயமே இல்லை. தன் சேமிப்பைப் போட்டவர் ஒரு குடும்பத்தின் சொத்துப் பிரிவினைக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆஸ்ட்ரலின் கதை நேர்க்கோட்டில் போகிறது. கெமிக்கல் இன்ஜினியரான சந்தீப் இன்ஜினியர் தொடங்கிய கம்பெனி. சாதா பிவிசி வெந்நீரில் தளர்ந்துவிடும், குளோரின் கூடுதலாக ஏற்றிய சிபிவிசி 90 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஜிஐ பைப் துருப்பிடித்துக்கொண்டிருந்த வீடுகளுக்குள் அதை முதலில் கொண்டு வந்தவர்களில் ஆஸ்ட்ரல் முக்கியமானது. இதற்கான ரெசினுக்கு முதலில் அமெரிக்கக் கூட்டு, பிறகு ஜப்பானின் செக்கிசூய். 2007-ல் பங்குச்சந்தை, 2014-ல் ரெசினோவா என்ற பசைக் கம்பெனி, 2022-ல் பெங்களூரின் ஜெம் பெயின்ட்ஸ். பாதிக்கு மேற்பட்ட பங்கு நிறுவனர் தரப்பிடமே இருப்பதால் முடிவெடுக்க நாள் பிடிப்பதில்லை. பெயின்ட் தொழிலில் இறங்கியது சரிதானா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அங்கே ஏசியன் பெயின்ட்ஸ் போன்ற பழைய கைகளோடு மோத வேண்டும்.

இன்னும் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. பெங்களூரின் ஆசிர்வாத், போர்வெல்லுக்குள் இறக்கும் ‘காலம்’ (column) பைப்பால் நம் ஊர்களிலும் தெரிந்த பெயர். 2013-ல் பெல்ஜியத்தின் அலியாக்ஸிஸ் அதில் 60% வாங்கி உள்ளே வந்தது. பங்குச்சந்தையில் இல்லாததால் வெளியாள் அதில் பணம் போட வழியில்லை. தபாரியா குடும்பம் 1966-ல் எடுத்துக்கொண்ட சுப்ரீம் இண்டஸ்ட்ரீஸில் ஐம்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கே குடும்பத்திடம். சத்தமில்லாமல் வளர்ந்த அந்தக் கம்பெனி 2025-ல் வாவின் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் இந்திய பைப் வணிகத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆஸ்ட்ரலைத்தான் சொல்வேன், ஆனால் விலை அதிகம் என்று தெரிந்தே சொல்வேன். ஃபினோலெக்ஸை மலிவு என்று வாங்க நினைப்பவர் லாப நஷ்டக் கணக்கைத் திறப்பதற்கு முன், ஆர்பிட் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.